வடிவம் உங்களுடையது, உரிமை யாருடையது?

டிசைனராகச் சொந்தத் தொழில் தொடங்குகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டில் அடங்கிவிடும். வேலையில் நேர்த்தி வேண்டும். விற்கத் தெரிய வேண்டும். இரண்டும் சரியே. ஆனால் வேலையும் நேர்த்தி, விற்பனையும் அமோகம், கடைசியில் கையில் மட்டும் ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தவர்கள் இந்தத் துறையில் நிறைய உண்டு. அவர்கள் சறுக்கிய இடம் வேறு. தாங்கள் உருவாக்கியதில் எது தங்கள் வசம் இருக்கிறது, எது கைமாறிவிட்டது, என்ன நிபந்தனையில் கைமாறியது என்பதை அவர்கள் காலம் கடந்தே கவனித்தார்கள். உடையோ பையோ விளக்கோ, எதை வடிவமைத்துப் பிழைத்தாலும் டிசைனர் மூன்று சொத்துகளை உண்டாக்குகிறார்: பெயர், வடிவம், செய்முறை. தொடக்கத்தில் மூன்றுக்கும் சந்தையில் காசு கிடையாது. காசு பெறாத அந்த நாளிலேயே அவற்றின் உரிமையை எழுத்தில் முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது. மதிப்பு ஏறிய பிறகு அதே காரியத்துக்கு வக்கீல் ஃபீஸும் வருடக்கணக்கான இழுபறியும் ஆகும். சில சமயம் எவ்வளவு கொடுத்தாலும் நடக்காது.

பெயர்

மூன்றில் முதலில் கைமாறுவது பெயர்தான். அமெரிக்காவின் ராய் ஹால்ஸ்டன் தொப்பி செய்பவராகத் தொடங்கியவர். 1961-இல் ஜான் கென்னடி பதவியேற்ற விழாவில் ஜாக்குலின் கென்னடி அணிந்த வட்டத் தொப்பி அவர் கைவேலை. பிறகு உடைக்கு வந்து, 1970-களில் நியூயார்க்கின் முதல் வரிசை டிசைனரானார். 1973-இல் தன் தொழிலையும், அதோடு ஹால்ஸ்டன் என்ற பெயரையும் நார்ட்டன் சைமன் நிறுவனத்துக்கு விற்றார். முதல் சில வருடங்கள் இரு தரப்புக்கும் பொற்காலம்: 1975-இல் வந்த வாசனைத் திரவியம் பெரும் வெற்றி, பெட்டி, விரிப்பு, சீருடை என்று பெயர் பரவியது. 1980-களின் தொடக்கத்தில் ஜே.சி. பென்னி என்ற நடுத்தரக் கடைத்தொடருக்கு மலிவு விலை உடைகள் வடிவமைக்க ஒப்பந்தமானதும், அதுவரை அவர் உடைகளை விற்றுவந்த பெர்க்டார்ஃப் குட்மன் அவற்றை நிறுத்திவிட்டது. இதற்கிடையில் நார்ட்டன் சைமன் இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதையும் மற்றொன்று வாங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஹால்ஸ்டன் என்ற பெயர் மேஜை நாற்காலியோடு சேர்ந்து போனது. 1984-க்குப் பிறகு அவரால் தன் சொந்தப் பெயரில் ஒரு சட்டைகூட வெளியிட முடியவில்லை. மீட்க முயன்றார், கிடைக்கவில்லை. 1990-இல் இறந்தார். அவரது திறமை 1973-க்குப் பிறகு குறைந்துவிடவில்லை. குறைந்தது, யாருக்கு எதை விற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம்.

இது அமெரிக்கப் பெரும் பண விவகாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். லண்டனின் எலிசபெத் இமானுவேல் வழக்கைப் பாருங்கள். 1981-இல் டயானாவின் திருமண உடையைத் தன் கணவரோடு சேர்ந்து வடிவமைத்தவர் அவர். 1990-களில் தன் பெயரிலான தொழிலை, வணிகக் குறியீடும் சேர்த்து, ஒரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளில் அங்கிருந்து விலகினார். பிறகு அந்தக் குறியீட்டை ரத்து செய்யக் கேட்டார்: நான் இல்லாத நிறுவனம் என் பெயரில் விற்றால், வாங்குபவர் நானே வடிவமைத்ததாக நம்பி ஏமாறமாட்டாரா என்பது வாதம். 2006-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்குபவருக்கு அப்படி ஒரு எண்ணம் வரலாம். அந்த ஒரே காரணத்துக்காகக் குறியீட்டை ரத்து செய்ய முடியாது என்றது. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறியீட்டுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, ஒருவர் தன் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைக் குறியீட்டு உரிமையாளர் தடுக்கக் கூடாது என்கிறது. இதை நம்பிப் பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஆனால் பெயரை விற்றுப் பணம் வாங்கிக்கொண்டு, இனி இந்தத் தொழிலில் இந்தப் பெயரைப் பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டவருக்கு அந்தப் பிரிவு பெரிய கேடயமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே லேபிளுக்குப் பெயர் வைக்கும் நாளிலேயே இரண்டு முடிவுகளை எடுத்துவிடுங்கள். என்றாவது தொழிலை முழுதாக விற்றுவிட்டு வேறு ஒன்று தொடங்கும் எண்ணம் இருந்தால், சொந்தப் பெயரை லேபிளாக்காதீர்கள். புனைபெயர் ஒன்று போதும். சொந்தப் பெயர்தான் வேண்டும் என்றால், அதை உங்கள் பெயரிலேயே பதிவு செய்து, உங்கள் நிறுவனத்துக்கு லைசென்ஸாகக் கொடுங்கள். நிறுவனம் கடனில் விழுந்தாலும் பங்குதாரரோடு பிணக்கு வந்தாலும் பெயர் உங்களிடம் நிற்க வழியிருக்கும். முதலீட்டாளர் வந்தால் பெயரை நிறுவனத்துக்கு மாற்றச் சொல்வார், அதுவும் நியாயமான கோரிக்கைதான். ஆனால் அப்போது நீங்கள் பதிலுக்கு ஏதாவது கேட்கும் இடத்தில் இருப்பீர்கள். பதிவுச் செலவும் மலைக்கவைப்பதல்ல. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். உடைக்கு 25, தோல் பைக்கு 18, நகைக்கு 14, படுக்கை விரிப்பு போன்ற துணிப்பொருளுக்கு 24 என்று வகுப்புகள் தனித்தனி. உடையோடு வேறு பொருளும் செய்கிறவர் 25-ஐ மட்டும் பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் பொதுவான குறை. அடுத்த மூன்று வருடத்தில் செய்ய நினைக்கும் பொருள்களையும் எண்ணிப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வடிவம்

பெயரைவிடக் குழப்பமானது வடிவத்தின் உரிமை. நான் வரைந்தேன், அதனால் காப்புரிமை எனக்கு என்று நம் டிசைனர்கள் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஓவியமாகத் தாளில் இருக்கும்வரை அது சரி. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஒரு எல்லை போடுகிறது: டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல், அதைக்கொண்டு தொழில்முறையில் 50-க்கு மேல் பொருள்கள் செய்துவிட்டால், அந்த வடிவத்துக்கான காப்புரிமை அத்தோடு போய்விடும். 50 என்பது என்ன அளவு? திருப்பூரில் ஜாப் ஒர்க் கொடுக்கிறவருக்கு அது ஒரு அளவில் ஒரு நிறத்துக்குக்கூடப் பற்றாது. முதல் ஆர்டர் மடிப்பு மேஜையைத் தாண்டும்போதே சட்டப் பாதுகாப்பு கழன்று விழுந்திருக்கும். 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இது கண்கூடாக நடந்தது. ரிது குமாரின் நிறுவனமான ரித்திகா, தன் பிரிண்டுகளை பிபா நிறுவனம் எடுத்தாண்டதாக வழக்குப் போட்டது. வடிவங்கள் டிசைன் சட்டத்தில் பதிவாகவில்லை, 50-க்கு மேல் உடைகள் செய்யப்பட்டுவிட்டன என்பதால் காப்புரிமை எஞ்சவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் மூத்த டிசைனர் ஒருவருக்கே இந்த நிலை என்றால், புதிதாக வருகிறவர் தனக்கு விதிவிலக்கு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எது தூய கலைப்படைப்பு, எது பொருளுக்கான வடிவம் என்று பிரித்துப் பார்க்கும் சோதனையை 2025-இல் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்திருக்கிறது. அந்தப் பிரிப்பு நம் பக்கம் விழும் என்று நம்பித் தொழில் நடத்துவது விவேகமல்ல.

மாற்று வழி 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிவு செய்வது. பதிவானால் 10 வருடப் பாதுகாப்பு. மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். சென்னையிலுள்ள பேட்டன்ட் அலுவலகத்திலேயே கொடுக்கலாம். ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அந்த வடிவம் உலகில் எங்கும் பொதுவில் வெளியாகியிருக்கக் கூடாது. நீங்களே வெளியிட்டிருந்தாலும் அது வெளியானதுதான். இன்ஸ்டாகிராமில் சாம்பிளின் படத்தைப் போட்டு, எத்தனை லைக் வருகிறது என்று பார்த்து, நன்றாகப் போனால் பதியலாம் என்று காத்திருக்கும் வழக்கம் இந்த இடத்தில் நேராக மோதுகிறது. வரிசையை மாற்றுங்கள்: சாம்பிள், விண்ணப்பம், அதன் பிறகு படம். எல்லா வடிவத்தையும் பதியத் தேவையில்லை. ஒரு சீசனோடு போகிற பிரிண்டை விட்டுவிடலாம். ஐந்து வருடம் விற்கக்கூடிய பையின் உருவம், நாற்காலியின் வளைவு, உங்கள் லேபிளை அடையாளம் காட்டும் பார்டர் ஆகியவற்றுக்கு 1,000 ரூபாய் செலவழிக்கலாம்.

அடுத்த சிக்கல், கூலிக்கு வரையும் காலம். பெரும்பாலான டிசைனர்கள் முதல் சில வருடங்களை ஏற்றுமதி நிறுவனத்திலோ பையிங் ஹவுஸிலோ கழிக்கிறார்கள், கழிப்பதும் நல்லது. வேலையில் இருந்தபடி வரைந்தவற்றின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே. வெளியே வந்து ஃப்ரீலான்ஸராகச் செய்யும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். காப்புரிமைச் சட்டத்தின்படி, சில வகைப் படைப்புகள் தவிர, வெளியாள் வரைந்ததன் முதல் உரிமை வரைந்தவருக்கு. எழுதிக் கையெழுத்திட்டால்தான் கைமாறும். டிசைன் சட்டமோ எதிர்த்திசையில் போகிறது: பணம் கொடுத்து வேறொருவருக்காகச் செய்விக்கப்பட்ட வடிவத்துக்கு, செய்வித்தவரே உரிமையாளர். ஒரே தாளிலுள்ள ஒரே கோடு, எந்தச் சட்டத்தின் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்து உரிமையாளரை மாற்றிக்கொள்கிறது. எனவே வாட்ஸ்அப்பில் ‘ஓகே, பண்ணிடலாம்’ என்று முடித்துக்கொண்ட வேலைகளில் வாடிக்கையாளர் எதற்குப் பணம் கொடுத்தார் என்பது பிறகு எப்படியும் திரிக்கப்படலாம். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். எத்தனை வடிவங்கள், எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு, நிராகரித்த சாம்பிள்கள் யாருக்கு என்று ஐந்து வரி இருந்தால் தகராறில் பாதி எழவே எழாது. காப்புரிமை மாற்றத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டும் வரைந்தவருக்குச் சாதகம் என்பதால், வாங்குபவர் அனுப்பும் ஒப்பந்தத்தில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் விலையை அதற்கேற்ப உயர்த்துங்கள்.

செய்முறை

இங்கே அனுபவசாலிகள் ஒரு மறுப்பைச் சொல்வார்கள்: உடைத் தொழிலில் காப்பி அடிப்பதுதான் வழக்கம், வழக்கு முடிவதற்குள் அந்த மாடலே மறைந்துவிடும், முந்திக்கொண்டு அடுத்ததைப் போடுவதே பாதுகாப்பு. இந்த வாதத்தில் நிறைய உண்மை இருக்கிறது. டிசைன் சட்டத்தில் காப்பி அடித்தவரிடம் ஒப்பந்தக் கடனாக வசூலிக்கும் தொகைக்கு ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. அதற்காக நீதிமன்றம் ஏறுவது கட்டுப்படியாகாது. பதிவுச் சான்றிதழின் உண்மையான பலன் வேறு இடத்தில்: விற்பனைக்குத் தடையுத்தரவு கேட்கவும், இணையக் கடைகளிலிருந்து போலியை நீக்கச் சொல்லவும் அதுதான் கையிலிருக்கும் காகிதம். அதோடு, முந்திக்கொள்வதே பாதுகாப்பு என்ற வாதம் நம்மை ஒரு நல்ல கேள்விக்குக் கொண்டுபோகிறது. எளிதில் காப்பி அடிக்க முடியாத எதுவாவது உங்களிடம் இருக்கிறதா?

ஜப்பானின் இஸ்ஸே மியாகே அதற்கு ஒரு பதிலைச் செய்தே காட்டினார். மடிப்புத் துணியில் உடை தைப்பதுதான் உலக வழக்கம்: முதலில் துணியில் மடிப்பு, பிறகு வெட்டித் தைப்பு. அவர் அதைத் தலைகீழாக்கினார். அணியும் அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக உடையை வெட்டி முழுதாகத் தைத்துவிட்டு, பிறகு அதைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து மடிப்பு இயந்திரத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்தார். பாலியெஸ்டர் இழை அந்தச் சூட்டில் மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. ராட்சதச் சட்டை சுருங்கி ஆள் அளவுக்கு வருகிறது. துவைத்தாலும் மடிப்பு போவதில்லை, இஸ்திரி தேவையில்லை, சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம். 1980-களின் இறுதியில் தொடங்கிய ஆராய்ச்சி 1993-இல் பிளீட்ஸ் பிளீஸ் என்ற தனி லேபிளானது. மடிப்புச் சட்டையின் தோற்றத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், எடுத்தார்கள். ஆனால் எவ்வளவு பெரிதாக வெட்டினால் எவ்வளவு சுருங்கும், தையல் நூல் எந்தச் சூட்டைத் தாங்கும், மடிப்பு தோள்பட்டையில் எங்கே திரும்ப வேண்டும் என்ற கணக்குகள் கடையில் தொங்கும் சட்டையைப் பார்த்தால் தெரியாது. 2022-இல் மியாகே இறந்த பிறகும் அந்த லேபிள் நடக்கிறது. வடிவமைத்தவரின் கையைச் சாராமல் செய்முறை சொத்தாகிவிட்டதற்கு அதுவே சாட்சி.

சிறிய அளவில் தொடங்குகிறவருக்கு மடிப்பு இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு சாயக் கலவை, நம் ஊர் உடல்வாகுக்குப் பொருந்தும்படி பல முறை திருத்திய பேட்டர்ன் செட், தோலுக்கும் கைத்தறிக்கும் இடையே பிரியாத ஒட்டு முறை ஆகியவையும் செய்முறைச் சொத்துதான். இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தமும் ஒழுங்குமே காவல். முழுச் செய்முறையை ஒரே யூனிட்டில் விடாமல் பிரித்துக் கொடுப்பது, பேட்டர்னின் மூலப் பிரதியை உங்களிடமே வைத்துக்கொள்வது, பேட்டர்ன் மாஸ்டரோடும் சாயப்பட்டறையோடும் ரகசியக் காப்பு எழுதிக்கொள்வது ஆகியவற்றைத் தொடங்கும்போதே பழக்கமாக்குங்கள். அதே நேர்மை மறுபக்கமும் வேண்டும். காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி, காரைக்குடி கண்டாங்கி ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயரும் நுட்பமும் அங்கே நெய்கிற, முடிச்சுப் போடுகிற எல்லோருக்கும் பொது. எந்த டிசைனரும் அவற்றைத் தன் தனிச்சொத்தாக்க முடியாது. 2021-இல் டிசைனர் சப்யசாச்சி, எச் அண்ட் எம் நிறுவனத்துக்குச் செய்த தொகுப்பு விரைவாக விற்றுத் தீர்ந்தது. கூடவே, சாங்கநேர் அச்சுக் கலையின் சாயலை எடுத்துக்கொண்டு அந்தக் கைவினைஞர்களுக்கு வேலை தராமல் விட்டதாகக் கைவினை அமைப்புகளின் பகிரங்கக் கண்டனத்தையும் பெற்றது. தன் உரிமையைக் காக்க நினைப்பவர், எது தனதில்லை என்பதிலும் தெளிவாக இருந்தால்தான் அவர் பேச்சு எடுபடும்.

விற்பதா, லைசென்ஸ் கொடுப்பதா?

இன்னொரு மறுப்பு: எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டே இருந்தால் தொழில் எப்படி வளரும்? மூலதனம் வேண்டாமா? வேண்டும். உரிமையைக் கையில் வைத்திருப்பது மட்டும் வெற்றியாகாது என்பதற்கு டிசைனர் பியேர் கார்டான் சாட்சி. பெயரைக் கடைசிவரை விற்காதவர் அவர். ஆனால் பேனா முதல் சமையல் பாத்திரம் வரை உலகெங்கும் எண்ணூறுக்கு மேல் லைசென்ஸ்களைக் கொடுத்தார். பெரும் பணக்காரரானார், பெயர் மட்டும் மெலிந்துகொண்டே போனது. 2011-இல் 100 கோடி யூரோவுக்கு விற்கத் தயார் என்று அறிவித்தபோது அந்த விலைக்கு ஆள் வரவில்லை. டிசைனர் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் ஹால்ஸ்டனுக்கும் கார்டானுக்கும் நடுவில் வருகிறார். 1974-இல் வந்த அவரது சுற்றிக் கட்டும் உடை இரண்டே வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதே வேகத்தில் சந்தை திகட்டி, சரக்கு தேங்கி, உடைத் தொழிலை அவர் லைசென்ஸுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. ஆனாலும் 1997-இல் அதே உடையோடு, அதே பெயரில் திரும்பி வர முடிந்தது. ஹால்ஸ்டனுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. லைசென்ஸ் என்பது வாடகை, காலம் முடிந்தால் வீடு திரும்பும். விற்பனை என்பது கிரயப் பத்திரம்.

லைசென்ஸ் கொடுப்பதென்றால் கணக்கை நேராகப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் ஒரு பை கடையில் 2,000 ரூபாய்க்கு விற்கிறது, தொழிற்சாலை விலை 800 என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத ராயல்டி என்று பேசினால், கடை விலையில் 140 ரூபாய். தொழிற்சாலை விலையில் 56 ரூபாய். சதவீதத்தைப் பேசுகிறவர்கள், எதன் மேல் சதவீதம் என்பதை விட்டுவிடுகிறார்கள். வருடம் 5,000 பை போனால் இந்த ஒரு சொல்லின் விலை 4,20,000 ரூபாய். இதோடு விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சத் தொகை, ஒவ்வொரு சாம்பிளும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் உற்பத்திக்குப் போகக் கூடாது என்ற விதி, விற்பனைக் கணக்கைப் பார்வையிடும் உரிமை, காலம் முடிந்தபின் மிச்சச் சரக்கை எத்தனை மாதத்துக்குள் விற்க வேண்டும் என்ற வரம்பு ஆகிய நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கார்டானின் பெயரை மெலியவைத்தது இவற்றில் இரண்டாவது தளர்ந்ததுதான் என்பது என் கணிப்பு. இத்தனை பொருள்களுக்கு ஒரு மனிதர் சாம்பிள் பார்க்கவே முடியாது.

பங்கு விற்பதிலும் இதே நிதானம்தான். 2021-இல் இந்தியாவில் இது அலையாக நடந்தது. ஆதித்ய பிர்லா குழுமம் சப்யசாச்சி பிராண்டின் 51 சதவீதத்தை 398 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிலையன்ஸ் நிறுவனம் ரிது குமாரின் தொழிலில் 52 சதவீதமும் மணீஷ் மல்ஹோத்ராவின் தொழிலில் 40 சதவீதமும் எடுத்தது. இவர்களை ஹால்ஸ்டனோடு சேர்த்துப் பார்ப்பது தவறு. பல வருடம் தாங்களே வளர்த்து, விலை ஏறிய நிலையில், ஒரு பகுதியை மட்டும் கொடுத்தார்கள். சப்யசாச்சி படைப்புப் பொறுப்பிலும் தொடர்கிறார். பெயரை விற்பதே பாவம் என்று இந்த அத்தியாயம் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஜோசப் அபூட் தன் பெயரிலான குறியீடுகளை 2000-இல் 6.55 கோடி டாலருக்கு விற்றார். அது மோசமான விலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிறகு வேறு லேபிளின் விளம்பரத்தில் தன் பெயரைச் சொல்லலாமா என்பதற்கே அவர் வருடக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. பெயரை முழுதாகக் கொடுத்தாரா, குறியீட்டை மட்டும் கொடுத்தாரா என்பதை ஒப்பந்தம் ஐயமற எழுதவில்லை என்பதுதான் அந்த வழக்கின் கரு. விலை பேசுவதில் காட்டிய அக்கறையில் கொஞ்சம் வாசகத்திலும் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இத்தனை காகித வேலை செய்தால் வரைய நேரம் எங்கே என்ற கேள்வி மிஞ்சுகிறது. மேலே சொன்னவற்றைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு வகுப்பில் பெயர்ப் பதிவு 9,000 ரூபாய், முக்கியமான மூன்று வடிவங்களுக்கு 3,000 ரூபாய், ஒரு வக்கீலிடம் ஒருமுறை எழுதி வாங்கும் மாதிரி ஒப்பந்தம். முதல் தொகுப்பின் போட்டோஷூட் செலவைவிட இது பல சமயம் குறைவு. பிறகு வரும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரே சோதனை போதும்: ஐந்து வருடம் கழித்து இந்த உறவு முறிந்தால், மறுநாள் காலையில் நான் எந்தப் பெயரில், எந்த வடிவங்களை, எந்தச் செய்முறையில் விற்க முடியும்? பதிலை எதிர்த் தரப்பு வாய்மொழியாகச் சொன்னால், அதையே ஒரு வரியாக ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தயங்கினால், கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.